மர்மத் தொடரின் கடைசி எபிசோடைக் கூடியமர்ந்து விவாதிப்பது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில் தாழ்ந்து தளம் ஆறிய பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். எல்லோரும் பார்த்து முடித்த ஒரு மர்மத் தொடரை எடுத்துக்கொண்டு, அதன் கடைசி எபிசோடையும் அதில் வெளிப்பட்ட குற்றவாளியையும் பற்றி இருட்டும்வரை பேசுகிறோம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், ராணிப்பேட்டையில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் இருவர், கல்லூரி மாணவர்கள், என் அத்தை என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். 2022இல் தொடங்கிய இந்தக் கூட்டத்தை நடத்தியதில், எது பேச்சை வளர்க்கும், எது அதைச் சண்டையாக்கி முறிக்கும் என்று ஓரளவு கற்றுக்கொண்டிருக்கிறேன். உங்கள் தெருவிலோ விடுதியிலோ இப்படி ஒரு கூட்டம் தொடங்க நினைப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

பெயரைக் காப்பது

வாரத்துக்கு ஒரு நாள் தொலைக்காட்சியில் தொடர் வந்த காலத்தில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. தொண்ணூறுகளில் மர்மதேசம் ஒளிபரப்பானபோது ஊர் முழுவதும் ஒரே இரவில் ஒரே பகுதியைப் பார்த்தது. மறுநாள் காலை டீக்கடையில் நின்றவர்களுக்குத் தெரிந்ததும் ஒரே அளவு, தெரியாததும் ஒரே அளவு. அடுத்த பகுதி வரும்வரை ஊகித்துக்கொண்டிருக்க ஒரு வாரம் கையில் இருந்தது. இன்றோ எட்டு எபிசோடுகளும் ஒரே நாளில் வந்து இறங்கிவிடுகின்றன. ஒருவர் விடிவதற்குள் முடித்துவிடுகிறார். இரவுப் பணிக்குப் போகிறவர் மூன்றாவதில் நிற்கிறார். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் அரை எபிசோடு பார்க்கிறவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆகவே முதல் வேலை, தொடர் வெளியான மூன்றாவது வாரத்துக்குப் பிறகு ஒரு தேதியைக் குறித்து எல்லோருக்கும் சொல்லிவிடுவது. அந்தத் தேதிவரை குற்றவாளியின் பெயரை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. "அவரை மட்டும் கொஞ்சம் கவனித்துப் பார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் பெயரைச் சொல்வதுதான். "கடைசியில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது" என்பதும்கூட, கேட்டவர் ஐந்தாவது எபிசோடில் பிடிபடுகிறவரை நம்பாமல் போவதற்குக் காரணமாகிவிடும்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் முதல் கூட்டம், 2022 ஜூன் 17 அன்று எட்டு எபிசோடுகளோடு வெளியான 'சுழல்' தொடரைப் பற்றியது. அப்போது எங்களிடம் விதி எதுவும் இல்லை. ஆர்வம் தாங்காத ஓர் இளைஞர், படியேறி வந்து செருப்பைக் கழற்றும்போதே குற்றவாளியின் பெயரை உரக்கச் சொல்லி, "நான் நான்காவதிலேயே கண்டுபிடித்துவிட்டேன்" என்றார். அத்தை அப்போது ஆறாவது எபிசோடில் இருந்தார். கையிலிருந்த டம்ளரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, "ராத்திரி ராத்திரியா கண்ணு முழிச்சுப் பாத்தேன், ஒரே வார்த்தையில புடுங்கிக்கினானே" என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டார். மிச்சமிருந்த இரண்டு எபிசோடுகளை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. அந்த இளைஞரைக் குறைசொல்ல மாட்டேன். யார் எதுவரை பார்த்திருக்கிறார்கள் என்று கேட்காமல் எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைத்தது நான்தான். அதன் பிறகு, மாடிப்படியின் மேல்படியில் நான் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் "கடைசிவரை பார்த்தாயிற்றா?" என்று கேட்ட பிறகே உட்காரச் சொல்கிறேன். முடிக்காதவர் ஒருவர் இருந்தாலும் அன்று வேறு தொடரைப் பேசுகிறோம். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் சுழலைப் பார்க்காதவர்கள் இருப்பார்கள் என்பதால் அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

எதைப் பற்றி வாதிடுகிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்வது

கூட்டம் தொடங்கியதும் "நன்றாக இருந்ததா, இல்லையா" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒருவர் நடிப்பை நினைத்து விடை சொல்வார், இன்னொருவர் முடிவை நினைத்து விடை சொல்வார், இருவரும் ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டு அரை மணி நேரம் மோதுவார்கள். குற்றவாளி வெளிப்படும் இடத்தைப் பற்றிய வாதத்தில் உண்மையில் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. குற்றவாளியை நம்மிடமிருந்து நேர்மையாக மறைத்தார்களா என்பது ஒன்று. அவர் அதைச் செய்திருக்கக்கூடியவர்தான் என்று நம்மை நம்ப வைத்தார்களா என்பது மற்றொன்று. ஒரு தொடர் முதல் வழக்கில் வென்று இரண்டாவதில் தோற்கலாம். நாங்கள் இரண்டையும் தனித்தனியாக எடுத்து, முதல் வழக்கு முடியும்வரை இரண்டாவதைத் தொடுவதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழக்கும் வந்து சேர்ந்தது. புஷ்கரும் காயத்ரியும் எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய சுழல், சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் மயானக் கொள்ளை விழா நடக்கும் நாட்களில் நிகழ்கிறது. சிமெண்ட் ஆலை தீப்பிடித்து எரியும் இரவில் ஒரு பெண் காணாமல் போவதில் கதை தொடங்குகிறது. மயானக் கொள்ளையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி மாதம் சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் பாலாற்று மணலில் அங்காளம்மனைக் கொண்டுவந்து நிறுத்துவதையும், காளி வேடமிட்டவர்கள் மேளத்துக்கு ஆடி வருவதையும், கொழுக்கட்டையும் சுண்டலும் காசும் சூறை விடுவதையும் சிறுவயதிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அதனால் "நம்ம ஊரில் இப்படியா செய்கிறார்கள்?" என்ற பேச்சு முதல் கூட்டத்தில் முக்கால் மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. அது நல்ல பேச்சுதான். ஆனால் கற்பனை ஊருக்குக் கற்பனை வழக்கம் இருக்கலாம். கதைக்குள் அந்த விழா என்ன வேலை செய்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. முகம் முழுவதும் வண்ணம் பூசியவர்கள் நிறைந்த தெருவில், எவர் முகம் வேடம், எவர் முகம் இயல்பு என்று கேட்க வைக்கிறது அந்த விழா. உங்களுக்கு நெருக்கமான ஊரோ தொழிலோ சடங்கோ தொடரில் வந்தால், அதைப் பேசக் கடைசியில் கால் மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்காவிட்டால் அதுவே எல்லா நேரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

நேர்மையாக மறைத்தார்களா?

இந்த வழக்கை நடத்த முதல் எபிசோடை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். கூட்டத்துக்கு முந்தைய வாரம், குற்றவாளி யார் என்ற அறிவோடு முதல் இரண்டு எபிசோடுகளை எல்லோரும் இன்னொரு முறை பார்த்துவிட்டு வருவது எங்களிடம் கட்டாயம். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அந்த ஒருவர் வரும் காட்சிகளை மட்டும், எந்த எபிசோடு, எத்தனையாவது நிமிடம், என்ன சொன்னார், அப்போது கை என்ன செய்தது என்று எழுதிவர வேண்டும். இந்தத் தாள் இல்லாதவர் வாதிடும்போது நினைவிலிருந்து பேசுகிறார். நினைவோ, முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு தனக்கு வேண்டியபடி காட்சிகளை மாற்றிக்கொள்ளும். "அவர் அப்போதே திருதிருவென்று விழித்தார்" என்று உறுதியாகச் சொன்னவர்கள், அந்தக் காட்சியில் அவர் இல்லவே இல்லை என்று கண்டு திகைத்துப்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நேர்மைக்கு அளவுகோல் வேண்டும் என்றால் அது புதிதாகத் தேட வேண்டிய ஒன்றன்று. ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தாமும் துப்பறியும் கதைகள் எழுதியவர், 1929இல் இவ்வகைக் கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்துத் தந்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், துப்பறிகிறவருக்குக் கிடைக்கும் தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும், தற்செயல் நிகழ்ச்சி அவருக்கு உதவக் கூடாது, இரட்டைப் பிறவிகளை முன்னறிவிப்பு இல்லாமல் கொண்டுவரக் கூடாது என்பவை அவற்றில் சில. இவை புத்தகத்துக்கு எழுதப்பட்ட விதிகள் என்பதால் நாங்கள் தொடருக்கு ஏற்பச் சற்று மாற்றிக்கொண்டிருக்கிறோம். எட்டு எபிசோடு கொண்ட தொடரில் குற்றவாளி இரண்டாவது முடிவதற்குள் திரையில் வந்து ஒரு வாக்கியமாவது பேசியிருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. ஆறாவதில் முதன்முறையாக வந்து இறங்குகிறவரைக் குற்றவாளி ஆக்கினால், பார்த்தவர்களின் உழைப்பை வீணடித்ததாகவே நாங்கள் கருதுகிறோம்.

தடயம் எப்படிக் காட்டப்பட்டது என்பது அடுத்த கேள்வி. விளங்குவதற்காக ஒரு கதையைக் கற்பனை செய்துகொள்வோம். கோட்டை அகழிக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக வாழ்ந்த ஓர் ஆசிரியை வீட்டுக்குள் இறந்துகிடக்கிறார். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தார் கூடி நிற்கும்போது, ஆசிரியையின் பழைய மாணவர் ஒருவர், "மாற்றுச் சாவி நாட்காட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்" என்கிறார். அதே நொடியில் தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்க, எல்லோரும் திரும்புகிறார்கள், நாமும் திரும்புகிறோம். நாட்காட்டியோ வீட்டின் உள்ளறையில் இருக்கிறது. வாசல் திண்ணையைத் தாண்டியதே இல்லை என்று அவர் பிறகு காவல் நிலையத்தில் சொல்கிறார். எட்டாவது எபிசோடில் அவரே குற்றவாளி என்று தெரிந்தால், அது நேர்மையான மறைப்பு. சாவியைப் பற்றிய வாக்கியம் நம் காதில் விழுந்தது. நம் கவனத்தைத்தான் ஆம்புலன்ஸ் வேறுபக்கம் இழுத்தது. சாவி எங்கே இருந்தது என்பதே எட்டாவது எபிசோடில்தான் சொல்லப்படுகிறது என்றால் அது நேர்மையற்ற மறைப்பு. எவ்வளவு கூர்மையாகப் பார்த்தவருக்கும் அங்கே வாய்ப்பே தரப்படவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. எங்கள் மாடியில் அதிகச் சண்டை நடப்பது அங்கேதான். விசாரணையில் ஒருவர் பொய் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பொய் ஃபிளாஷ்பேக்காகத் திரையில் நடக்கிறது. நாம் கண்ணால் பார்த்துவிட்டோம் என்பதால் நம்பிவிடுகிறோம். கடைசியில் அது நடக்கவே இல்லை என்கிறார்கள். இது ஏமாற்று வேலை என்று எங்களில் பாதிப் பேர் சொல்வார்கள். மனிதர் பொய் சொல்வது கதைக்குள் இயல்பு, கேமரா பொய் சொல்வது இயல்பன்று என்பது என் தரப்பு. அந்த ஃபிளாஷ்பேக் தொடங்கும்போதும் முடியும்போதும் பேசுகிறவரின் முகம் திரையில் இருந்தால், அது அவருடைய வாக்குமூலம். பொய்யாக இருக்க அதற்கு உரிமை உண்டு. யாருடைய வாயிலிருந்தும் வராமல் தானாகவே காட்டப்பட்ட காட்சியைப் பின்னால் மறுப்பது, கணக்குப் புத்தகத்தில் எழுதியதை அழித்து எழுதுவதற்கு ஒப்பாகும். இந்த இடம் வந்தால் வாதத்தை நிறுத்தி, காட்சியைப் போட்டுப் பார்த்து, அதன் முதல் நொடியையும் கடைசி நொடியையும் சரிபாருங்கள்.

சில வாதங்களை நாங்கள் ஏற்பதில்லை என்று முன்பே சொல்லிவிடுகிறோம். "இவ்வளவு பெரிய நடிகரை இந்தச் சின்ன வேடத்துக்கா கூப்பிட்டிருப்பார்கள், அவர்தான் குற்றவாளி என்று அப்போதே தெரிந்துவிட்டது" என்பது அவற்றில் முதன்மையானது. "இன்னும் மூன்று எபிசோடு மிச்சம் இருக்கிறதே, அதனால் பிடிபட்டவர் குற்றவாளியாக இருக்க முடியாது" என்பது இன்னொன்று. இரண்டும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அவை கதையைப் படித்துச் சொன்னவை அல்ல. சம்பளப் பட்டியலையும் கடிகாரத்தையும் பார்த்துச் சொன்னவை.

அடுத்த சீசனுக்காக விட்டுவைத்த நூலையும், எழுதியவர் மறந்துபோன ஓட்டையையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. விடைதெரியாத அந்தச் செய்தி விடைதெரியாமல் இருப்பதைக் கதைக்குள் யாராவது ஒருவர் கவனிக்கிறாரா என்று பாருங்கள். கவனித்து முகம் மாறினால் அது கொக்கி. கதைக்குள் எவருமே கண்டுகொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் அது ஓட்டைதான்.

அவர்தான் என்று நம்ப முடிகிறதா?

வட ஆற்காட்டில் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது வழக்கு எளிதாகப் பிடிபடும். கூத்தில் ஒரு வேடம் நேரடியாக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரைத்துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் சலங்கை ஒலி கேட்கிறது, கிரீடத்தின் நுனி தெரிகிறது, பாட்டு வருகிறது, கட்டியக்காரன் "யாரய்யா நீ?" என்று கேட்க, வந்தவன் தன் பெயரையும் பெருமையையும் தானே சொல்லிக்கொண்டு வெளிப்படுகிறான். துரியோதனனும் துச்சாதனனும்கூட அப்படித்தான் வருகிறார்கள். மர்மத் தொடரில் எல்லோருக்கும் திரை விலகிவிடுகிறது; ஒருவருக்கு மட்டும் எட்டாவது எபிசோடுவரை துணி பிடித்தபடியே இருக்கிறது. துணி விலகும்போது உள்ளே நிற்பவர், அதுவரை அதன் பின்னால் கேட்ட சலங்கைக்கு உரியவராக இருக்க வேண்டும். முன்பு அமைதியாக, கணக்காக, யாருக்கும் உதவுகிறவராக இருந்தவர், வெளிப்பட்டதும் கண்ணை உருட்டி உரக்கச் சிரிக்கிறார் என்றால், அங்கே ஆளையே மாற்றிவிட்டார்கள் என்று பொருள்.

இதைச் சோதிக்க நாங்கள் ஒரு முறையைக் கையாள்கிறோம். குற்றவாளி செய்த நல்ல காரியங்களை மட்டும் தாளிலிருந்து ஒருவர் வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இவர் குற்றவாளி என்று தெரிந்த பிறகும் இந்தக் காரியம் பொருந்துகிறதா? நன்றாக எழுதப்பட்ட தொடரில் பெரும்பாலானவை பொருந்தும். சில, முன்பைவிட இன்னும் நன்றாகப் பொருந்தும். காணாமல் போன பிள்ளையைத் தேட எல்லோருக்கும் முன்னால் கிளம்பியவர், உண்மையில் தேடுதலை எந்தப் பக்கம் போகவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்ளவே முன்னால் போனார் என்று புரியும்போது, மாடியில் ஒரு கணம் யாரும் பேசாமல் இருப்பார்கள். அந்த அமைதிக்காகவே நான் மர்மத் தொடர்களைப் பார்க்கிறேன் என்று சொல்லலாம்.

கடைசிக் கால் மணி நேரத்தில் குற்றவாளி தம் கடந்த காலத்தைச் சொல்லும் நீண்ட பேச்சைப் பற்றியும் வாதம் எழும். "அவனுக்கு இவ்வளவு அநியாயம் நடந்திருக்கிறதே" என்று ஒருவர் இரங்கினால், "அதற்காகக் கொலையை நியாயம் என்கிறாயா?" என்று மற்றவர் பாய்வார். ஒருவனைப் புரிந்துகொள்வதையும் விடுதலை செய்வதையும் ஒன்றாக்குவதால் வரும் சண்டை இது. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் படுகளத்தன்று, மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் மாபெரும் உருவத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. அவன் செய்ததற்கு அவன் விழத்தான் வேண்டும் என்பதில் அங்கே எவருக்கும் ஐயம் இல்லை. ஆனாலும் ஒப்பாரி எழும்போது கண் கலங்காதவர் குறைவு. கர்ண மோட்சம் நடக்கும் இரவிலும் அப்படித்தான், அவன் எந்தப் பக்கம் நின்று போரிட்டான் என்று தெரிந்துகொண்டே ஊர் அழுகிறது. தபால்காரப் பெரியவர் ஒருமுறை இதைச் சொன்ன பிறகு, எங்கள் கூட்டத்தில் இரங்குகிறவரை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அந்தப் பேச்சு குற்றத்தை விளக்குகிறதா, அல்லது நம்மிடம் மன்னிப்பு வாங்குவதற்காக எழுதப்பட்டதா என்று மட்டும் கேட்கிறோம். பாதிக்கப்பட்டவருக்கு அதே அளவு நேரம் பேசத் தரப்பட்டிருக்கிறதா என்று நிமிடக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஒரு செய்தியை மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புகிறேன். இப்போதைய மர்மத் தொடர்கள் பலவற்றில், பிள்ளைகளுக்கு நெருங்கியவர்களாலேயே நேர்ந்த கொடுமைதான் கதையின் முடிச்சாக இருக்கிறது. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் பாயில், அது வெறும் கதையாக இல்லாத ஒருவரும் இருக்கக்கூடும். அத்தகைய தொடரைப் பேசும் நாளில், "அந்தப் பெண் ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்வியைக் கதையின் ஓட்டையாக யாரும் எழுப்பக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உண்மை வாழ்க்கையில் பலர் சொல்ல முடியாமல்தான் இருக்கிறார்கள். நடுவில் யாராவது எழுந்து கீழே போனால் காரணம் கேட்காமல் விடுகிறோம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதை அன்று ஒருமுறை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவைக்கிறேன்.

சீட்டுகள்

இந்த வேலை கூட்டத்துக்கு வெகுமுன்பே தொடங்குவது. சீட்டுகளைக் கடைசியில்தான் திறக்கிறோம் என்பதால் இங்கே சொல்கிறேன். ஏழாவது எபிசோடு முடிந்ததும், எட்டாவதைத் தொடுவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் தாம் ஐயப்படுகிறவரின் பெயரையும், அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்திலும் எழுதி, மடித்து என்னிடம் தந்துவிட வேண்டும். நான் பிரிக்காமல் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன். காரணம் எழுதாத சீட்டு கணக்கில் சேராது. இரண்டு வழக்குகளும் பேசி முடிந்து, இருட்டிய பிறகு விளக்கைப் போட்டு டப்பாவைத் திறக்கிறோம். "நான் அப்போதே சொன்னேன்" என்ற பேச்சு இதனால் அடியோடு நின்றுவிட்டது.

சென்ற கோடையில் ஒரு தொடருக்குப் பதினோரு சீட்டுகள் வந்தன. ஐந்து பேர் ஒருவரையே எழுதியிருந்தார்கள், தவறாக. நான் எழுதியதும் தவறுதான். கடைசியாகப் பிரித்த சீட்டில், ரேஷன் கடை ரசீதின் பின்பக்கத்தில், பென்சிலால் அத்தை சரியான பெயரை எழுதியிருந்தார். கீழே காரணம்: "சாவு வீட்ல எல்லாரும் பொணத்தப் பாத்து அழறாங்க, இவரு மட்டும் வாசலப் பாக்கறாரு." எங்களில் ஒருவருடைய தாளிலும் அந்தக் காட்சி இல்லை. மாணவர் ஒருவர் கைப்பேசியை எடுத்து இரண்டாவது எபிசோடைத் தேடிப் போட, பதினோரு பேரும் அந்தச் சின்னத் திரைமேல் குனிந்தோம். அழுகைக்கு நடுவே, தூணை ஒட்டி, பாதி மறைந்து நின்ற அவர் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.